தயிர்சாதத்தில் ஒளித்த மாத்திரை பாவமா?

காசிமேட்டுப் பக்கமிருந்து ஒரு சகோதரி, பள்ளி நோட்டில் கிழித்த தாளில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 37. கத்தோலிக்க மீனவக் குடும்பம். கணவர் வீடும் அப்படித்தான். 16 வருடங்களுக்கு முன், அப்பா பேசிவைத்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, விரும்பியவரைக் கட்டிக்கொண்டார். எண்ணூரில் இருக்கும் அப்பா அன்று முதல் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கணவர் விசைப்படகில் டிரைவர். இவர் வீட்டிலிருந்தே எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறார். ஒரே மகன், 13 வயது. ஒன்பது வயதில் அவனுக்கு வலிப்பு வந்தது. அரசு மருத்துவமனையில் காட்டி, மாத்திரை சாப்பிடத் தொடங்கியதும் கட்டுக்குள் வந்தது. ஒன்றரை வருடம் ஒரு தடவைகூட வரவில்லை.

போன வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாளும் கணவர் வீட்டில் இருந்தார். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் வேறு கழுத்தை நெரித்தது. அப்போது கூட்டாளி ஒருவர் பக்கத்துத் தெரு ஜெபவீட்டுக்கு அழைத்துப் போனார். குடியை விட்டார். “அதுக்கு நான் அந்த ஜெபவீட்டுக்கு நன்றி சொல்லணும்” என்று இவரே எழுதுகிறார். அப்புறம்தான் வேறு பேச்சு வந்தது. ‘உன் மனைவி தகப்பனுக்குக் கீழ்ப்படியாமல் வந்தவள். ஏவாளின் பாவம் அது. அந்தச் சாபம்தான் பிள்ளைமேல் நிற்கிறது’ என்று போதகர் சொல்லிவிட்டார். இவர் சபை முன் எழுந்து நின்று பாவ அறிக்கை செய்ய வேண்டும், மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசம் என்றும் சொல்லப்பட்டது. மாத்திரை நின்றது. மூன்றே வாரத்தில் வலிப்பு திரும்பியது. இதுவரை இரண்டு முறை, அதில் ஒரு முறை ஆராதனை நடுவிலேயே.

இப்போது இவர் கணவருக்குத் தெரியாமல் மாத்திரையைப் பொடித்துத் தயிர்சாதத்தில் பிசைந்து கொடுக்கிறார். ஒரு நாள் கணவர் அம்மிக்கல்லில் வெள்ளைத் தூளைப் பார்த்துவிட்டு அறைந்தார். இவருடைய செயின் அடகுக் கடையில் இருக்கிறது, பணம் காணிக்கையாகப் போய்விட்டது. கடைசிப் பக்கத்தில் கேட்கிறார்: “புருஷனுக்குத் தெரியாம மாத்திரை கொடுக்கிறது கீழ்ப்படியாமைதானே? நான் அப்பா பேச்சைக் கேக்காததாலதான் பையனுக்கு இப்படி ஆச்சா? அவர் என்னை அடிச்சது அந்த ஒரு தடவைதான், அதைப் பெரிசா எடுக்கக் கூடாதுன்னு பாக்கிறேன். போலீஸ், கோர்ட்டுன்னு போனா குடும்பம் உடைஞ்சிடும். நான் என்ன செய்யட்டும்?”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளில் பாதி வேதத்தைப் பற்றியவை. அவற்றுக்கும் பதில் சொல்கிறேன். நானும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் அதற்கு முன் பையன்.

முதலில் மாத்திரை

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நோய் பழைய நிலைக்குத் திரும்புவதோடு அது நிற்பதில்லை. விடாமல் தொடர்ந்து வலிப்பு வந்து உயிருக்கே உலை வைக்கலாம். இரண்டு முறை வந்துவிட்டது என்கிறீர்கள். இந்த வாரமே அவனை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நடுவில் எத்தனை நாள் விட்டுப்போனது, இப்போது எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் திட்டினாலும் சரி. முக்கியமாக, பொடிப்பதைப் பற்றிக் கேளுங்கள். சில மாத்திரைகள் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை, அவற்றைப் பொடிக்கவே கூடாது. பாதிச் சாதத்தோடு தட்டைத் தள்ளிவிட்டு அவன் எழுந்து போனால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று உங்களுக்கும் தெரியாது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: “சாதம் கசக்குதுன்னு அவன் ஒரு நாளும் சொன்னதில்லை.” சகோதரி, அவனுக்கு 13 வயது. பொடித்த மாத்திரையின் கசப்பு தயிரில் மறையாது. அவனுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். உங்களைக் காப்பாற்ற அவன் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுகிறான். அந்தச் சுமையை அவனிடமிருந்து இறக்குங்கள். தனியாக உட்காரவைத்துச் சொல்லி, முழு மாத்திரையாகத் தண்ணீரோடு விழுங்கக் கொடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். வலிப்பு வரும்போது கையில் சாவியோ இரும்போ திணிக்க வேண்டாம், வாயில் எதுவும் வைக்க வேண்டாம், கை காலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துணியை மடித்து வையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. அப்புறம், துறைமுகக் கல்லில் உட்கார்ந்து தூண்டில் போடுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர் சரி என்கிற வரை தண்ணீர்ப் பக்கம் அவன் தனியாகப் போகக் கூடாது. இதில் உங்கள் கணவரும் மறுபேச்சு பேசமாட்டார். கடலை அவரைவிட யாருக்குத் தெரியும்?

தோட்டத்தில் நடந்தது

சரி, இப்போது ஏவாளுக்கு வருவோம். நீங்கள் கோயிலில் கேட்டது ‘தொடக்க நூல்’. உங்கள் கணவர் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அது ஆதியாகமம். அவர் புத்தகத்திலிருந்தே பேசுகிறேன், அப்போதுதான் உங்களுக்கு உதவும்.

மூன்றாம் அதிகாரத்தை ஒரு தடவை மெதுவாகப் படியுங்கள். ஏதேன் தோட்டத்தில் விலக்கப்பட்ட கனியைப் புசிக்கக் கூடாது என்ற கட்டளை மீறப்பட்டது, உண்மை. மீறியவர்கள் இரண்டு பேர். “தன் புருஷனுக்கும் கொடுத்தாள், அவனும் புசித்தான்” என்றுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நம் ஊர்ப் பிரசங்கங்களில் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். கடவுள் ஆதாமைக் கேட்கிறார், அவன் என்ன சொல்கிறான்? “என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள் அவ்விருட்சத்தின் கனியை எனக்குக் கொடுத்தாள்.” கொஞ்ச நேரத்துக்கு முன் ‘என் எலும்பில் எலும்பு’ என்று கொண்டாடியவன், மாட்டிக்கொண்டதும் மனைவியை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்கிறான். வேதத்தின்படி, கீழ்ப்படியாமை ஒரு குடும்பத்துக்குள் நுழைந்ததும் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு ‘எல்லாம் இவளால்தான்’. அந்த ஜெபவீட்டில் உங்கள் கணவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பதும் இதே பேச்சுதான்.

அவர் 1 தீமோத்தேயுவைத் திறந்து, ‘ஆதாம் வஞ்சிக்கப்படவில்லை, ஸ்திரீயானவளே வஞ்சிக்கப்பட்டாள்’ என்று காட்டலாம். அந்த வசனம் இருக்கிறது, இல்லையென்று நான் சொல்லவில்லை. அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று சபைகளுக்குள் இன்றும் வாக்குவாதம் உண்டு. ஆனால் உலகம் முழுவதும் பாவத்தில் விழுந்த கதையைப் பவுல் விரித்துச் சொல்வது ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில். அங்கே ஏவாள் பெயரே இல்லை. “ஒரே மனுஷனுடைய கீழ்ப்படியாமையினாலே” என்று ஆதாம் தலையில்தான் வைக்கிறார்.

‘அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்’ என்பதும் அதே மூன்றாம் அதிகாரத்தில்தான் வருகிறது. விழுந்த பிறகு வாழ்க்கை எப்படிக் கோணலாகும் என்ற பட்டியலில் அது ஒன்று. அதே பட்டியலில் பிரசவ வேதனை இருக்கிறது, வயலில் முள்ளும் குருக்கும் முளைப்பதும் இருக்கிறது. களை பறிக்கிற விவசாயியைக் கடவுளுக்கு எதிரி என்று யாரும் சொல்வதில்லை. நம் ஊர் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் வலி குறைய ஊசி போடுகிற நர்ஸைக் கீழ்ப்படியாதவள் என்றும் சொல்வதில்லை. மனைவியை ஆளுகிற விஷயத்தில் மட்டும் அது கட்டளையாகிவிடுவது எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சாபம் யார்மேல்?

இதை நீங்களே சரிபார்க்கலாம். அந்த அதிகாரத்தில் ‘சபிக்கப்பட்டிருப்பாய்’ என்று சொல்லப்படுவது பாம்பை. ‘சபிக்கப்பட்டிருக்கும்’ என்பது பூமியை. ஆதாமையோ ஏவாளையோ பார்த்து அந்த வார்த்தை சொல்லப்படவில்லை. தோட்டத்தைவிட்டு அனுப்புவதற்கு முன் கடவுள் அவர்களுக்குத் தோல் உடை செய்து உடுத்திவிடுகிறார். பேச்சுக் கேட்காமல் போன பிள்ளைக்குத் தகப்பன் சட்டை மாட்டிவிட்டு அனுப்புகிற மாதிரி. உங்கள் அப்பாவைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஜென்மப் பாவம் என்ற போதனையைத்தான் இங்கே குழப்பியிருக்கிறார்கள். ஆதாமின் வீழ்ச்சி மனிதகுலம் முழுவதையும் தொட்டது என்பது கிறிஸ்தவப் போதனை. எப்படித் தொட்டது என்பதில் சபைக்குச் சபை விளக்கம் மாறும். ஞானஸ்நானத்தில் அந்தக் குற்றம் நீங்குகிறது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1546-லேயே திரெந்து பொதுச்சங்கத்தில் வரையறுத்துவிட்டது. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொள்வது, அது எல்லா மனிதருக்கும் பொது என்பதை. போதகருக்கும் பொது, அவர் பிள்ளைகளுக்கும் பொது. எல்லோருக்கும் பொதுவான ஒன்று, உங்கள் மகனுக்கு மட்டும் ஏன் வலிப்பு வந்தது என்பதற்குக் காரணமாக முடியாது.

‘மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும்’ என்ற யாத்திராகமத்து வரியை எடுப்பார்கள். அடுத்த வசனம் ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்கிறது, அதையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். இதே பேச்சு எசேக்கியேல் தீர்க்கதரிசி காலத்திலும் பழமொழியாகவே புழங்கியது: பிதாக்கள் திராட்சக்காயைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்று. அந்தப் பழமொழியை இனிச் சொல்லவே கூடாது என்று அவர் புத்தகத்தின் 18-ஆம் அதிகாரம் தடுக்கிறது. “குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை.” பிறவிக் குருடனைக் காட்டி ‘யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா?’ என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு சொன்னது யோவான் ஒன்பதில் இருக்கிறது: இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை.

வலிப்புக்கென்றே சுவிசேஷத்தில் ஓர் இடம் உண்டு. அதைத்தான் அந்தப் போதகர் பிடித்திருப்பார். மாற்கு ஒன்பது, அடிக்கடி தீயிலும் தண்ணீரிலும் விழுகிற பையன். அங்கே அசுத்த ஆவி என்றுதான் எழுதியிருக்கிறது, அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் இயேசு அந்தத் தகப்பனிடம் கேட்டது ஒரே கேள்வி: இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலம் ஆயிற்று? ஓ.பி.யில் டாக்டர் கேட்கிற அதே கேள்வி. பையனின் அம்மா எப்படிக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவர் விசாரிக்கவில்லை. இன்னொன்று, மத்தேயு 4:24-ஐத் திறந்து பாருங்கள். இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியலில் ‘பிசாசுபிடித்தவர்கள்’ தனியாகவும் ‘சந்திரரோகிகள்’ தனியாகவும் இருக்கிறார்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் சந்திரரோகி என்பது வலிப்புக்காரருக்கான சொல். இரண்டும் ஒன்று என்று அந்தப் புத்தகமே சொல்லவில்லை.

கேட்பதும் கீழ்ப்படிவதும்

தமிழில் ‘சொன்னால் கேட்கமாட்டாயா’ என்றால் காது கேட்கவில்லையா என்று அர்த்தமில்லை. வேதத்தின் மூல மொழிகளிலும் இப்படித்தான், கீழ்ப்படிவதற்கான சொல் கேட்பதிலிருந்து பிறந்தது. ரோமர் ஐந்தில் ‘கீழ்ப்படியாமை’ என்று வரும் கிரேக்கச் சொல்லுக்குள் காதில் சரியாக வாங்காமல் விடுவது என்ற பொருள் இருக்கிறது. அதனால் நான் கேட்பது இதுதான்: உங்கள் வீட்டில் யார் யாரைக் கேட்கவில்லை? ஆராதனை நடுவில் கீழே விழுந்த பிள்ளையின் உடம்பு ஒன்றைச் சொன்னது. அதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

எபேசியர் ஐந்தில் ‘மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்’ என்ற வசனத்துக்கு ஒரு வரி மேலே, “ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்” என்று இருக்கிறது. மூன்று வரி கீழே கணவனிடம் கேட்பது, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல் அன்புகூரச் சொல்லி. அறைவதற்கு அங்கே இடமே இல்லை.

கணவனுக்குத் தெரியாமல் செய்தது பாவமா என்கிறீர்கள். 1 சாமுவேல் 25-இல் அபிகாயில் என்ற பெண் இருக்கிறாள். புருஷன் நாபால் முரட்டுத்தனமாகப் பேசி, தாவீதும் ஆட்களும் வாளோடு கிளம்பிவிட்டார்கள். அவள் இருநூறு அப்பம், சமைத்த ஐந்து ஆடு, இருநூறு அத்திப்பழ அடை என்று கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு, புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய், வீட்டில் இருந்த எல்லோரையும் காப்பாற்றினாள். தாவீது அவள் யோசனையை வாழ்த்தினான். இதற்கு நேர் எதிராக, புருஷனோடு சேர்ந்து பொய்க்கு உடன்பட்ட சப்பீராளுக்கு அப்போஸ்தலர் நடபடிகளில் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும், அங்கேயே விழுந்து செத்தாள். ‘அவர் சொன்னார், நான் கீழ்ப்படிந்தேன்’ என்பது அங்கே செல்லுபடியாகவில்லை.

ஆகவே மாத்திரை கொடுத்தது பாவமில்லை. ஆனால் ஒளித்தே நடத்துவது வேறு விஷயம். அபிகாயிலும் ஒளித்தே வைக்கவில்லை. மறுநாள் காலையில், குடிவெறி தெளிந்ததும், புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். (அதற்கப்புறம் நாபாலுக்கு என்ன ஆயிற்று என்பதை நாம் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டாம்.) நீங்களும் சொல்ல வேண்டியிருக்கும். எப்போது, எப்படி என்பதுதான் கேள்வி.

கணவரிடம்

‘போதகர் அவரை மயக்கிவிட்டார்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. வருமானமில்லாத 61 நாள், தலைக்குமேல் கடன், எப்போது விழுவான் என்று தெரியாத பிள்ளை. பயந்துபோன மனிதரிடம் யாரோ ஒரு காரணத்தைக் கொடுத்தார்கள், பிடித்துக்கொண்டார். காரணம் தெரிந்துவிட்டால் சரிசெய்துவிடலாம் என்ற ஆசைதான். அந்தப் பயத்தோடு பேசுங்கள்.

ஜெபவீட்டையே எதிரியாக்கவும் வேண்டாம். பெந்தெகொஸ்தே சபைகளில் டாக்டர்கள் இருக்கிறார்கள், நர்ஸ்கள் இருக்கிறார்கள், காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு ஆராதனைக்கு வருகிற பாட்டிகள் எத்தனையோ பேர். மருந்தை மறுப்பது அவர்கள் எல்லோருடைய விசுவாசமும் இல்லை. பவுல் கூடவே வைத்திருந்த லூக்கா வைத்தியன். எசேக்கியா ராஜா சாகக்கிடந்தபோது ஏசாயா ஜெபத்தோடு அத்திப்பழ அடையையும் கட்டியின்மேல் வைக்கச் சொன்னார். ராயபுரத்தில் ரெய்னி ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர்களும் ஜெபம் செய்கிறவர்கள்தான்.

கடலிலிருந்து வந்த அன்றைக்குப் பேச்சை எடுக்காதீர்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்ட பிறகு, பையன் இல்லாத நேரத்தில். ‘நீங்க ஜெபம் பண்றதை நான் நிறுத்தச் சொல்லலை. மாத்திரையும் இருக்கட்டும்’ என்று தொடங்குங்கள். மருத்துவரை நேரில் பார்க்க ஒரு தடவை கூட வரும்படி கேளுங்கள். இரண்டு வருடத்துக்குக் குறையாமல் வலிப்பே வராமல் இருந்தால் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமா என்று பொதுவாக மருத்துவர்களே யோசிப்பார்கள். அதை அவர் டாக்டர் வாயால் கேட்கட்டும். ஒன்றரை வருடம் வந்திருந்தீர்கள், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் நிறுத்தியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். ஆத்திரப்படுவார் என்று தோன்றினால் தனியாகப் பேச வேண்டாம். அவர் மதிக்கிற மூத்தவர் ஒருவர் கூட இருக்கட்டும். போதகரை வைத்துப் பேசுவது இப்போதைக்கு வேண்டாம்.

சபை முன் அறிக்கை செய்ய நீங்கள் போகத் தேவையில்லை. உங்களை யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. மனதில் உறுத்தல் இருந்தால் உங்கள் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், அது உங்களோடும் அவரோடும் முடிந்துவிடும்.

ஒரு அடிதானே?

இல்லை, சகோதரி. அடித்ததற்கு அவர் ஒரு வேத காரணம் வைத்திருக்கிறார். காரணம் கையில் இருக்கிற அடி திரும்பவும் வரும். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அடிப்பது மட்டும் வன்முறை இல்லை. உங்கள் நகையை உங்கள் சம்மதமில்லாமல் அடகு வைப்பதும் அதில் பொருளாதார வன்முறையாக வருகிறது. அந்தச் சட்டத்தின்கீழ் மனு கொடுத்தால் விவாகரத்து ஆகிவிடும் என்று நினைக்கிறீர்கள், அது தவறு. அடிக்கக் கூடாது என்ற உத்தரவு, அதே வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை, பணம், நகை ஆகியவற்றைக் கேட்கிற மனு அது. கல்யாணம் அப்படியே இருக்கும். மாவட்டத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் போனால் அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீசில் விசாரித்தால் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்வார்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, அதற்கு 15100. அவசரத்துக்கு 181, இரவிலும் எடுப்பார்கள்.

பையன் விஷயம் இதைவிடக் கடுமையானது. பொறுப்பில் இருப்பவரே குழந்தையை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டுத் துன்பத்துக்கு ஆளாக்குவது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் குற்றம். மூன்று வருடம் வரை சிறை கிடைக்கலாம். குழந்தைகளுக்கான எண் 1098.

இதை உடனே எடுத்து வீசுங்கள் என்று நான் சொல்லவில்லை. புகார் போனால் உங்கள் கணவர் இன்னும் இறுகலாம், சபையார் அவர் பக்கம் நின்று உங்களைப் பிசாசு என்பார்கள், படகு வேலையும் ஆட்டம் காணலாம். கொடுத்த புகாரை நினைத்த நேரத்தில் திரும்ப வாங்கவும் முடியாது. ஆனால் பேசாமல் இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது, அது பையன் தலையில் விழுகிறது. அதனால் என் கருத்து: மருத்துவர், பிறகு பேச்சு. இடையில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்து விவரம் மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி மாத்திரை பறிக்கப்பட்டாலோ, இன்னொரு முறை கை ஓங்கினாலோ, அன்றைக்கே 181. அதற்கு மேல் பேச்சுவார்த்தை வேண்டாம். அடி விழுந்த தேதியை இப்போதே எங்காவது எழுதி வையுங்கள், அடகுச் சீட்டை போனில் படம் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

காணிக்கை பற்றி அவரிடம் இரண்டு இடம் மட்டும் காட்டுங்கள். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் ‘கொர்பான்’, காணிக்கை என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு மாற்கு ஏழில் விளாசுகிறார். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது 1 தீமோத்தேயு 5:8. அவருக்குப் பிடித்த அதே தீமோத்தேயு.

எண்ணூருக்கு

அப்பாவிடம் போய் மன்னிப்புக் கேட்டால் சாபம் தீருமா என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதி, அடித்தும் வைத்திருக்கிறீர்கள். அடித்தது படிக்கிற மாதிரியே இருந்தது.

தீர்வதற்குச் சாபம் எதுவும் இல்லை. பிள்ளைகள் பெற்றோருக்குக் ‘கர்த்தருக்குள்’ கீழ்ப்படியச் சொல்கிற எபேசியர் ஆறாம் அதிகாரம், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று தகப்பன்களுக்கும் சொல்கிறது. 21 வயதுப் பெண் தனக்கான துணையைத் தானே தேர்ந்தெடுத்தது கடவுளின் கட்டளையை மீறியது ஆகாது. அதற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் சொல்லாமல் கிளம்பிப்போன அந்த ராத்திரி அவரைப் புண்படுத்தியிருக்கும். அதற்கு மட்டும் வருத்தம் சொல்லலாம், சொல்ல மனசிருந்தால். போதகர் சொன்னதற்காகப் போகாதீர்கள். அப்பாவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால் போங்கள்.

அவர் கதவைத் திறக்காமலும் போகலாம். பையனை முதல் தடவையே அழைத்துப் போக வேண்டாம், தாத்தா முகம் திருப்புவதை அவன் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் அம்மாவுக்கோ அண்ணிக்கோ முதலில் போன் போட்டு, பேரனுக்கு வலிப்பு என்பது அப்பாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

அதற்கு முன் ஆஸ்பத்திரி. ஓ.பி. சீட்டின் பின்பக்கம் அடுத்த தேதி எழுதியிருப்பார்கள், அது தாண்டிப் போயிருந்தாலும் பரவாயில்லை, பழைய சீட்டையே எடுத்துக்கொண்டு காலையில் சீக்கிரம் போய் வரிசையில் நில்லுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.